உலகம் வறண்டுபோகுமா? நீரும் நம் நோன்பும்

(மகாவீரர் ஜெயந்தி விழா மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமான் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். 

நான் துறவியும் அல்லன். ஆகமங்களைக் கற்றுத் துறைபோன பண்டிதனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, புவியியல் ஆசிரியனாகி, பணிக்காலத்தின் பெரும்பகுதியை விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். ஆகவே விழாக் குழுவினர் பேச அழைத்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றியே பேச ஒப்புக்கொண்டேன். அது தண்ணீர்.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தமிழ்நாட்டில் அம்மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் நாள் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அதற்குச் சில வாரங்களுக்குப் பின், எட்டாம் வகுப்பில் நீர்ச்சுழற்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், ஒருநாள் உலகம் முழுவதும் தண்ணீர் இல்லாமல் போய்விடுமா?" என்று கேட்டாள். "அதற்கு இன்னும் நூறு கோடி ஆண்டுகள் ஆகும் அம்மா, கவலைப்படாமல் உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தாயார் விடியுமுன் குடங்களுடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். நான் சொன்ன விடை சரியானது. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு உரியதன்று. இத்தனை ஆண்டுகளாக என் நெஞ்சில் தங்கிவிட்ட அக்கேள்விக்கு இன்று உங்கள் முன்னிலையில் முறையாக விடை கூற முயல்கிறேன்.

முதலில் அந்த நூறு கோடி ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். இராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே பால்கோவா கிண்டுவதை நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாயகன்ற வாணலியில், மூடியில்லாமல், பால் கொதிக்கிறது. நீர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்க, கடைசியில் திரட்டுப் பால் மட்டும் எஞ்சுகிறது. அதே பாலை மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால், ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளித்துளியாக மீண்டும் பாலிலேயே விழும்.

நம் பூமிக்கு அத்தகைய மூடி ஒன்று உண்டு. நம் போன்ற வெப்ப நாடுகளின் மேலே ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மண்டலம் மிகக் கடுங்குளிராக இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ். கடலிலிருந்து எழும் நீராவி அந்த உயரத்தை எட்டுமுன்பே உறைந்து, மேகமாகி, மழையாகித் திரும்பிவிடுகிறது. அந்த மூடியைத் தாண்டும் நீராவி மிகச் சொற்பம். தாண்டியதைச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உடைக்கின்றன. அதிலுள்ள ஹைட்ரஜன் எடை குறைந்ததாகையால் விண்வெளிக்குத் தப்பிச் செல்கிறது.

இவ்வாறு பூமி இழக்கும் ஹைட்ரஜன் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம். நீராகக் கணக்கிட்டால் விநாடிக்கு இரண்டு குடம் தண்ணீர் போகிறது எனலாம். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டருக்கு அருகில். இதே வேகத்தில் நூறு கோடி ஆண்டுகள் போனாலும் கடல் மட்டம் இரண்டு மூன்று மீட்டரே குறையும்.

அப்படியானால் மூடி எப்போது திறக்கும்? சூரியன் நூறு கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என மெல்ல மெல்லப் பிரகாசம் கூடிவருகிறது. இன்னும் 100 கோடி முதல் 150 கோடி ஆண்டுகளில் அந்த வெப்பம் பூமியின் குளிர் மூடியைத் தளர்த்திவிடும் என்றும், பிறகு கடல்கள் சிறுகச் சிறுக விண்ணில் கலந்துபோகும் என்றும் அறிவியலாளர் கணிக்கின்றனர். வெள்ளிக் கோளுக்கு இது முன்பே நேர்ந்துவிட்டது என்பது பலரது கருத்து. இன்று அதன் தரை வெப்பம் ஏறத்தாழ 460 பாகை. அங்கு எஞ்சியுள்ள சிறிதளவு நீராவியில், கன ஹைட்ரஜனின் பங்கு பூமியில் உள்ளதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இலேசான ஹைட்ரஜன் பறந்துபோய்க் கனமானது பின்தங்கியது என்பதற்கு அதுவே சான்று. வாணலியின் அடியில் எஞ்சிய கோவாவைக் கண்டு முன்பு இருந்த பாலை அறிவது போன்றது இது.

செவ்வாயின் கதை வேறு. அங்கே ஆறுகள் ஓடிய தடங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன, ஆறுகள் இல்லை. சிறிய கோளாகையால் அது தன் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள இயலவில்லை. நீரில் ஒரு பகுதி விண்ணில் கலந்தது. ஒரு பகுதி நிலத்தடியிலும் பனியிலும் அடங்கிற்று. 2013 நவம்பர் 5ஆம் நாள் நம் நாடு அனுப்பிய மங்கள்யானில் ஐந்து கருவிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றான லைமன் ஆல்ஃபா ஒளிமானி, இந்தக் கன ஹைட்ரஜன் கணக்கை ஆராய்வதற்காகவே அமைக்கப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன் என்பது நமக்குப் பெருமை.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் இப்போதே பூமியை வெள்ளிக் கோளாக்கிவிடுவானோ என்று சிலர் அஞ்சுவர். அந்த அளவுக்குச் செல்லாது என்பதே அறிவியலாளரில் பெரும்பாலோரின் முடிவு. ஆகவே உலகம் முழுவதும் நீரற்றுப்போகும் நாள் நம் கற்பனைக்கும் எட்டாத் தொலைவில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் நூல்கள் கூறும் காலச் சக்கரம் உங்கள் நினைவுக்கு வரும். இது இறங்குமுகமான அவசர்ப்பிணி. அதன் ஐந்தாம் பகுதியான துஷமா என்னும் தீக்காலத்தில் நாம் வாழ்கிறோம். 21,000 ஆண்டுகள் கொண்ட இது முடிந்ததும், மேலும் கொடிதான ஆறாம் காலம் வரும். அதன் இறுதியில் வெப்பமும் கடுங்காற்றும் உலகை வாட்டும். அதன்பின் உத்சர்ப்பிணி நன்மழையோடு தொடங்கும் எனப் படித்திருக்கிறோம். இக்கணக்கும் அறிவியலின் கணக்கும் ஒன்றல்ல. ஒன்றின்மேல் மற்றொன்றைப் பொருத்திக் காட்டி, "அன்றே சொன்னார்கள்" எனக் கைதட்டல் பெற நான் விரும்பவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நம் முன்னோர் வரப்போகும் வறட்சியைக் கூறியது, "எப்படியும் அழியத்தானே போகிறது" என்று நாம் கைகட்டி இருப்பதற்காக அன்று. தீக்காலத்திலும் இல்லறத்தார் நோன்புகளைக் கடைப்பிடித்தே ஆகவேண்டும் என்றுதான் அதே நூல்கள் வற்புறுத்துகின்றன. காலம் தீயது என்பது ஒழுக்கத்திலிருந்து விடுவிக்கும் சீட்டு அன்று.

இனி அச்சிறுமியின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டது உலகைப் பற்றியதாகத் தோன்றினாலும், அவள் மனத்தில் இருந்தது அவளுடைய ஊர்.

பூமியிலுள்ள நீரில் 97 விழுக்காட்டுக்கும் மேல் உப்பு நீர். எஞ்சிய நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பனிக்கட்டி. மீதியில் பெரும்பகுதி நிலத்தடியில். ஆறும் ஏரியுமாக நம் கண்ணுக்குத் தெரிவது நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை ஆண்டுதோறும் மழைதான் புதுப்பிக்கிறது. ஆகவே உலகில் ஒரு துளியும் குறையாதபோதே ஓர் ஊர் வறண்டுபோகலாம். நீர் உலகைவிட்டுப் போகவேண்டியதில்லை. நம்மைவிட்டுப் போனால் போதும்.

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளவை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பால் கேரளத்தில் பொழிந்துவிட்டு, வெறுங்கையுடன் இப்பக்கம் இறங்குகிறது. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ 800. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும்.

இத்தகைய நிலத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? இரண்டு ஏற்பாடுகளால். ஒன்று, இயற்கை செய்தது: மலைக்காடு. மழை நீரை உறிஞ்சி வைத்து, அய்யனார் கோவில் ஆற்றிலும் செண்பகத்தோப்புப் பேயனாற்றிலும் காடு அதைச் சிறிது சிறிதாக விடுகிறது. மலையடிவாரத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இராஜபாளையத்துக்குக் குடிநீர் தருவது இக்காட்டின் கொடையால். மற்றொன்று, மனிதர் செய்தது: கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மேலூர் நிறையாமல் கீழூர் நிறையாது. ஆனால் நிறைந்தபின் மேலூர் அடைத்துவைக்கவும் முடியாது. அளவாகக் கொள்க, மிகுந்ததை விடுக என்னும் அறம் அந்தக் கலுங்குக் கல்லின் உயரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மழையின் அருமையை அம்மண் நன்கறியும். கடல் நீரை முகந்து மேகம் பொழியும் முறையைத் திருப்பாவையின் 4ஆம் பாடலில் பாடிய ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நாம் போற்றும் திருக்குறளிலும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து நிற்பது வான்சிறப்பே. சமயம் வேறாயினும் வானை நோக்கிய கண் ஒன்றே.

அந்த இரண்டு ஏற்பாடுகளும் இன்று எவ்வாறு உள்ளன? காட்டைப் பொறுத்தவரை நல்ல செய்தி உண்டு. 1988இல் அங்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. ஓடைக்கரை மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அவ்வணில் வாழும். ஆகவே அணிலைக் காப்பது ஓடையைக் காப்பதாயிற்று. 2021 பிப்ரவரியில் அச்சரணாலயமும் மேகமலையும் இணைந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயின. வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியும் அதனால் காக்கப்படுகிறது. ஓர் உயிருக்கு இடம் விட்டால் அது நமக்கு நீர் விடுகிறது. கொல்லாமையின் பயன் இவ்வளவு நேராகக் கண்ணுக்குத் தெரிவது அரிது.

நிலத்தடியில் நிலைமை அவ்வாறில்லை. உலகில் மிகுதியாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. உலக அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கமலை இறைத்த நாளில் மாட்டின் களைப்பே அளவுகோலாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்பில்லை. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். எனவே மண்ணிலிருந்து உறிஞ்சுவதும் மிகுதி. பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் மிகுதி. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓர் ஆண்டின் மழை ஒரே நாளில் வந்தால் எந்தக் கண்மாய் தாங்கும்? 2020 வரையிலான 30 ஆண்டுகளில், அதற்கு முந்திய 30 ஆண்டுகளைவிட உலக நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வறட்சி கூடிற்று என 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பாலைவனமாதல் தடுப்பு அமைப்பு அறிவித்தது.

இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். ஆகையால் அங்குள்ள மாணவர்களுக்கு ஏரல் கடலின் கதையை நான் தவறாமல் சொல்வதுண்டு. நடு ஆசியாவில், உலகின் நான்காம் பெரிய ஏரியாக இருந்தது அது. அதில் விழுந்த இரண்டு ஆறுகளை 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பினர். இன்று அதன் பெரும்பகுதி உப்பு மணல். துறைமுகமாக இருந்த இடத்தில் கப்பல்கள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. சூரியன் சுட்டெரித்ததால் அன்று. அளவின்றி எடுத்ததால் நேர்ந்தது. இரண்டே தலைமுறையில் நேர்ந்தது.

இப்போது என் இல்லத்தில் நடந்த ஒன்றைக் கூற அனுமதியுங்கள். இராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறம் ஒரு கிணறு இருந்தது. என் துணைவியார் நம் குல வழக்கப்படி, இரட்டையாய் மடித்த கெட்டித் துணியில் நீரை வடிகட்டி, பிறகு அத்துணியை வடிகட்டிய நீராலேயே அலசி, அந்நீரை வாளியில் மெதுவாக இறக்கி அதே கிணற்றில் விடுவார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "எதற்கு அக்கா திரும்பவும் கிணற்றிலேயே விடுகிறீர்கள்?" என்று கேட்டார். "எங்கிருந்து வந்தனவோ அங்கேயே போகட்டும் அம்மா. வேறு இடத்தில் விட்டால் பிழைக்காது" என்றார் என் துணைவியார்.

2017 கோடையில் அக்கிணறு அடியோடு வற்றியது. லாரித் தண்ணீர் வாங்கினோம். அன்றும் அவர் வழக்கம்போல் வடிகட்டினார். பிறகு துணியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து, "இது எந்தக் கிணற்றுத் தண்ணீர்?" என்று லாரிக்காரரைக் கேட்டார். "தோட்டத்துக் கிணறும்மா. தினம் ஒரு தோட்டம்" என்றார் அவர். என் துணைவியார் நெடுநேரம் அப்படியே நின்றார். கடைசியில், பறவைகளுக்காக வேப்பமர நிழலில் வைத்திருந்த மண்தொட்டி நீரில் அத்துணியை அலசினார். அது சரியான விடை அன்று என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

முப்பது ஆண்டுகள் நீர்ச்சுழற்சியைப் பாடமாக நடத்திய எனக்கு அன்றுதான் ஒன்று விளங்கிற்று. நீரை வடிகட்டும் நோன்பை நாம் துணியைப் பற்றிய நோன்பாகவே கருதி வந்திருக்கிறோம். அது ஊற்றைப் பற்றிய நோன்பும் ஆகும். நாம் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது நாம் நடந்து சென்று திரும்பும் தொலைவில் இருக்க வேண்டும். அது உயிரோடிருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடில் நோன்பு பாதியில் நின்றுவிடுகிறது. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு எனக் கூறும் சமயம் நம்முடையது. நீர்நிலையை வற்றவிட்டபின் துணியை மட்டும் பேணி என்ன பயன்?

நம்மில் மிகப் பலர் உழவர். நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிடுகிறோம். வீட்டில் செலவாகும் நீர் சிறிது. நாட்டின் நீர்ச் செலவில் மிகப் பெரும்பங்கு வயலுக்கே. ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்; என்னையும் சேர்த்தே கேட்கிறேன், எனக்கும் ஊரில் ஒரு ஆழ்துளைக் கிணறு உண்டு. நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாது. அண்டை வயல்காரர் 200 அடியில் நீர் எடுக்க, நான் 600 அடிக்குத் துளையிட்டு இரவும் பகலும் இறைத்தால், அவருடைய கிணறு வற்றுகிறது. பட்டாவின்படி நான் குற்றவாளி அல்லன். ஆனால் கள்ளாமை என்னும் அணுவிரதத்தின்படி? மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தின்படி? விடையை உங்கள் மனச்சான்றிடமே விடுகிறேன்.

அறக்கட்டளையாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். நம் ஜினாலயங்கள் பலவற்றில் கிணறோ குளமோ இருக்கிறது. அடுத்த மழைக்குமுன் அவற்றைத் தூர்வாரி, கோபுரத்திலும் மண்டபக் கூரையிலும் விழும் மழைநீரும் திருமஞ்சன நீரும் அவற்றுக்கோ அவற்றின் அருகிலுள்ள மண்ணுக்கோ சேருமாறு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. அன்று கட்டிய தொட்டிகளில் எத்தனை இன்று அடைபட்டுக் கிடக்கின்றன என்று ஒவ்வொருவரும் வீட்டில் போய்ப் பாருங்கள். இரண்டாவதாக, அடுத்த விழாவில் ஒவ்வோர் ஊராரும் தங்கள் கோவில் கிணற்று நீர்மட்டத்தைத் தையிலும் சித்திரையிலும் அளந்து எழுதிக் கொண்டுவரட்டும். அளப்பதற்கு ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். அளந்தவனுக்குத்தான் தான் எடுப்பது தெரியும்.

அச்சிறுமி இன்று இருபது வயதைக் கடந்திருப்பாள். எங்கிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இன்று அவள் மீண்டும் எழுந்து கேட்டால் இவ்வாறு சொல்வேன்: "உலகம் முழுவதும் வறண்டுபோக நெடுங்காலம் ஆகும் அம்மா. அதைத் தடுப்பது நம் கையில் இல்லை. உன் ஊர்க் கண்மாய் வறண்டுபோக ஒரு தலைமுறையே போதும். அது நம் கையில் இருந்தது. நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. நீ கேட்டது சரியான கேள்வி."

 மழை பெய்க, நீர்நிலைகள் நிறைக, எல்லா உயிரும் இன்புறுக.